வயரைத் துறந்த மகான்

உலகத்தில் சிலர் புகையிலையைத் துறக்கிறார்கள், சிலர் சர்க்கரையைத் துறக்கிறார்கள், இன்னும் சிலர் தோதான நேரம் பார்த்து வேலையையே துறந்துவிடுகிறார்கள். இவர்களால் நமக்குப் பெரிய தொந்தரவு கிடையாது. நான் சொல்ல வந்தது வேறோர் இனத்தைப் பற்றி. வயரைத் துறந்தவர்கள். ஆமாம், நம் வீட்டுச் சுவரிலிருந்து தொங்கி, நாற்காலிக் காலைச் சுற்றி, போனுக்குக் கரண்ட் கொண்டுபோய்ச் சேர்க்கிறதே, அதே சாதாரண வயர்தான். அந்த இனத்தில் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள், வயரை அவர் விட்டுவிட்டார். போனை ஒரு வட்டத் தட்டின் மேல் வைக்கிறார். தட்டுக்குள் சுருட்டி வைத்த செம்புக் கம்பியும் போனின் முதுகுக்குள் சுருட்டி வைத்த செம்புக் கம்பியும் தொடாமலே தங்களுக்குள் காரியத்தை முடித்துக்கொள்கின்றன. போன் நிறைகிறது. விஷயம் இவ்வளவுதான். இந்த இவ்வளவை வைத்துக்கொண்டு அவர் ஒரு மதமே நடத்திவருகிறார்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். உங்கள் வீட்டுக்குள் வந்ததும் பூட்ஸைக் கழற்றுவார், பனியை உதறுவார், கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், பிறகு உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் சுவரைப் பார்ப்பார். சுவரில் பிளக் இருக்கும். பிளக்கிலிருந்து ஒரு வயர் இறங்கும். சாப்பாட்டு மேசையில் ஈர சாக்ஸைக் காயப்போட்டிருப்பதைப் பார்த்துவிட்டவர்போல ஒரு சங்கடம் அவர் முகத்தில் வரும்.

"இன்னும் வயரா?" என்பார்.

அதற்குமேல் ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அந்த 'இன்னும்' ஒன்றுக்குள் உங்கள் வயது, படிப்பு, ஓட்டுப் போட்ட கட்சி எல்லாம் அடங்கிவிடும்.

சரி, அவருடைய தட்டு மட்டும் என்ன, வானத்திலிருந்தா கரண்ட் வாங்குகிறது? தட்டின் பின்னாலிருந்து ஒரு வயர் கிளம்பி, மேசையின் முதுகுப்பக்கமாக இறங்கி, பிர்ச் மரப் பலகைக்குப் பின்னால் ஒளிந்து, ஹாலைச் சுற்றிவந்து, கடைசியில் உங்கள் வயர் எப்படிப்பட்ட பிளக்கில் செருகியிருக்கிறதோ அப்படிப்பட்ட பிளக்கில்தான் தானும் போய்ச் செருகிக்கொள்கிறது. இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். "அது வேற" என்று முடித்துவிடுவார். முன்பு அவர் வீட்டுச் சுவரில் தொங்கியது ஒரே ஒரு வயர். அதற்காகப் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுவார்கள். இப்போது சமையலறையில் ஒரு தட்டு, படுக்கையறையில் கட்டிலுக்கு இந்தப்பக்கம் ஒன்று அந்தப்பக்கம் ஒன்று, ஹாலில் ஒன்று, கழிப்பறையில் ஒன்று (ஏன் என்று கேட்காதீர்கள்), காரில் ஒன்று, ஏரிக்கரைக் குடிலுக்குப் போகும்போது பையில் ஒன்று. குடிலில் கரண்ட் கிடையாது. இருந்தாலும் எடுத்துக்கொண்டு போவார். ஒரு வயரைத் துறந்த புண்ணியத்தில் ஏழு வயர் வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல் துலக்கும் கரண்ட் பிரஷ் இதே வித்தையைப் பல வருஷமாகக் குளியலறை மூலையில் நின்றுகொண்டு செய்துவருகிறது. ஈரத்தில் நிற்கிறது, பற்பசை வழிய நிற்கிறது, தொடாமலே கரண்ட் வாங்கிக்கொள்கிறது. ஒருநாளாவது அது யாரிடமாவது பெருமையடித்துக் கேட்டிருக்கிறீர்களா?

போன் வரும்போது அவரைப் பார்க்க வேண்டும். அதுதான் காட்சி. வயர்காரனான நான் என்ன செய்கிறேன்? போன் அடிக்கிறது, எடுக்கிறேன், வயரோடு காதில் வைத்துக்கொள்கிறேன், ஜன்னல்வரை நடக்கிறேன், வயர் இழுத்தால் நிற்கிறேன். அவரால் முடியாது. தட்டிலிருந்து எடுத்தால் கரண்ட் நின்றுவிடும், போனிலோ உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கும். எனவே போனைத் தட்டிலேயே விட்டுவிட்டு, இடுப்பை வளைத்து, கன்னத்தை மேசையில் பதித்து, காதைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ரொட்டித் துணுக்குகளுக்கு நடுவில் பேசுவார். "ஆமாம் ஆமாம், ரொம்ப சௌகரியம்" என்று அந்தப்பக்கம் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். இதற்குப் பெயர் விடுதலை.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அவரோடு போயிற்று. பொறுக்க முடியாதது, நகர்த்துவது. காபிக் கடையில், நூலகத்தில், ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில், முன்பின் தெரியாத யாரோ ஒரு பெண் தட்டின் மேல் போனை வைத்துவிட்டுப் பன் வாங்கப் போயிருப்பாள். இவர் அந்தப் போனைப் பார்ப்பார். கொஞ்சம் கோணலாக இருக்கிறது. பார்வையைத் திருப்பிக்கொள்வார். மறுபடி பார்ப்பார். பனி கொட்டும் நம் ஊரில் பக்கத்து மேசைக்காரருக்கு வணக்கம்கூடச் சொல்ல மாட்டார்கள், பேருந்தில் காலி இருக்கை இருக்கும்போது பக்கத்தில் வந்து உட்காருகிறவனைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த மனிதர், ஒற்றை விரலை நீட்டி, அடுத்தவருடைய போனை ஒரு நெல்மணி அளவு இடதுபக்கம் தள்ளிவிடுவார். அவள் திரும்பி வந்து முறைப்பாள்.

"நடு மையத்துல இல்லம்மா, அதான்" என்பார்.

பொதுவாகவே பேசிக்கொண்டு போனால் நான் இட்டுக்கட்டுகிறேன் என்று நினைப்பீர்கள். எனவே ஒருவரைக் கையைப் பிடித்துக் காட்டிவிடுகிறேன். எங்கள் பனி தேசத்தின் தம்பெரே நகரத்தில், ஏரிக்கு மேலே, வரிசை வீடுகள் இருக்கும் தெருவில் நான் இருக்கிறேன். என் பெயர் ராய்மோ, ஓய்வு பெற்றவன், தனிக்கட்டை. என் சுவருக்கு அந்தப்பக்கம் இல்போ இருக்கிறார், அவருடைய மனைவி மெர்யா இருக்கிறாள். இல்போ நகரத் தண்ணீர்க் குழாய் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவரும் அவர்தான். நல்ல மனிதர். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இனத்தில் கெட்டவர்களே கிடையாது. கெட்டவனாக இருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே.

போன இலையுதிர் காலத்தில் சங்கத்தின் பழைய சாமான் கழிக்கும் நாள் வந்தது. இழுவை வண்டி முற்றத்தில் நின்றது. இல்போ ஒரு வாழைப்பழப் பெட்டி நிறையத் தன் வீட்டு வயர்களைக் கொண்டுவந்து கவிழ்த்தார். ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. மெர்யா பின்னாலேயே வந்தாள்.

"ஒண்ணாவது வச்சுக்கலாமே இல்போ. அவசரத்துக்கு."

"அந்த ஒண்ணு இருந்தா நீ அதைத்தான் தேடுவே. பழக்கம் விட்டுப்போகாது."

"பழக்கம் என்னை ஒண்ணும் பண்ணலையே?"

"உனக்குத் தெரியலை மெர்யா. நீ அதுக்கு அடிமையா இருந்திருக்கே."

மெர்யா என்னைப் பார்த்தாள். நான் வண்டியில் கிடந்த ஒரு பழைய பனிச்சறுக்குக் கட்டையை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

ஆனால் இதே இல்போ குளிர்காலத்தில் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் என்ன செய்வார் தெரியுமா? கம்பளிக் குல்லாயை மாட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போவார். கார் நிறுத்தும் இடத்தில் ஒவ்வொரு காருக்கும் முன்னால் இடுப்பளவு உயரத்தில் ஒரு கரண்ட் கம்பம் நிற்கும். அதன் மூடியைத் திறந்து, ஒரு முரட்டு வயரை எடுத்து, ஒரு முனையைக் கம்பத்திலும் மறுமுனையைக் காரின் முகத்திலும் செருகுவார். இல்லாவிட்டால் காலையில் எஞ்சின் சூடாகாது, வண்டி கிளம்பாது. எல்லோரும் செய்கிற வேலைதான். கம்பத்தில் வயரைச் சும்மா தொங்கவிடக் கூடாது என்று சங்கத்தின் பெயரில் சுற்றறிக்கை எழுதியவரும் அவர்தான். கொட்டும் பனியில் குனிந்து வயர் செருகிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டே என் வீட்டுக்கு வந்து, காபி குடித்தபடி, வயரில்லாத வாழ்க்கையின் மேன்மையைப் பற்றி எனக்கு எடுத்துச் சொல்வார். "அது வேற."

இனி மெர்யாவின் விஷயத்துக்கு வருகிறேன். காகித ஆலையில் நெடுங்காலம் வேலை பார்த்தவள். ஆலையை மூடிவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு யார் வேலை கொடுக்கிறார்கள்? மனுப் போட்டாள், போட்டுக்கொண்டே இருந்தாள். பாதிப் பேர் பதில்கூட எழுதவில்லை. வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், ஆனால் காலையில் எழுந்து போக ஓர் இடம் இல்லாதது அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். இந்தச் சமயத்தில் டிராம் ஓட்டுநர் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். அவளும் பரீட்சை எழுதினாள், காத்திருப்போர் வரிசையில் முதல் ஆளாக நின்றாள். அங்கே ஓர் இடம் காலியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் கூப்பிடுவோம், போனிலேயே சில கேள்விகள் கேட்போம், எடுக்காவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் முழுக்க மெர்யா மாடிப்படி இறங்கும்போதுகூட, மணி அடித்து டிராமை நிறுத்துகிறவள்போல நின்று நின்று இறங்கினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். வியாழக்கிழமை என்றால் எங்கள் ஊரில் வேறென்ன, பட்டாணி சூப்பும் அப்பமும்தான். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பற்றி ஒரு வார்த்தை. இல்போ சமையலறையின் சார்ஜ் தட்டை மேசைக்கு அடியில், பலகையின் வயிற்றில் ஒட்டி மறைத்துவிட்டிருந்தார். மேலே ஒன்றும் தெரியாது. வெறும் மரம். எந்த இடத்தில் போனை வைக்க வேண்டும் என்று ஒரு சின்ன அடையாளம் ஒட்டிவிடேன் என்று மெர்யா கேட்டதற்கு, நல்ல மேசையில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் மனிதனா என்று கேட்டுவிட்டார். அதற்குப் பதில் ஒரு கணக்கு வைத்திருந்தார். கடுகு ஜாடியிலிருந்து ஒரு சாண், சுவர்ப்பக்கம்.

சாப்பாடு ஆரம்பித்தபோது மெர்யாவின் போன் சரியான இடத்தில் இருந்தது. அவளே தடவித் தடவிப் பார்த்து வைத்திருந்தாள். பிறகு அப்பத் தட்டு வந்தது. அடுப்பிலிருந்து அப்படியே வருகிற அகலமான இரும்புத் தட்டு. இடம் வேண்டும். இல்போ போனை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இன்னொரு கரண்டி சூப் வாங்கினார். சூப்பில் கலக்கக் கடுகு வேண்டுமே, ஜாடியைத் தன் பக்கம் இழுத்தார். கலக்கினார், சாப்பிட்டார், போன் சார்ஜாகும் தட்டுகளின் எதிர்காலத்தைப் பற்றி எனக்கு விளக்கினார். அப்பம் முடிந்தது, தட்டு போனது. பையிலிருந்து போனை எடுத்தார். ஜாடியைப் பார்த்தார். அதிலிருந்து சாண் போட்டு அளந்தார். வைத்தார். விரலால் ஒரு தள்ளுத் தள்ளி நேராக்கினார்.

"பாத்தியா ராய்மோ? உன் வயரா இருந்தா இந்நேரம் சூப்புல விழுந்து மிதக்கும்."

"மிதந்தாலும் சார்ஜ் ஏறிக்கிட்டுதான் இருக்கும்."

சார்ஜ் ஏற ஆரம்பித்தால் போன் 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். கொடுத்ததா? யாருக்குத் தெரியும், அப்போது அவர் பேசிக்கொண்டிருந்தாரே!

மறுநாள் காலையில் குளிர் மைனஸ் இருபத்தேழு. நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் நடுச்சுவர் மெல்லியது, அந்தப்பக்கம் பேசினால் கேட்கும். அன்றைக்குச் சுவர் மெல்லியதாக இருக்கவே வேண்டியதில்லை, அப்படி ஒரு கத்தல்.

"செத்துப்போச்சு! இல்போ, போன் செத்துக் கிடக்கு!"

"இருக்கவே இருக்காது. தட்டுல வச்சனே."

"நீ வச்சே. அதான் செத்துக் கிடக்கு."

"பதறாதே, பதறாதே. மையம் கொஞ்சம் தப்பியிருக்கும். இங்க குடு."

அதன்பிறகு கொஞ்ச நேரம் அவர் குரல் மட்டும் கேட்டது. "இங்கே... இல்லை, இந்தப்பக்கம்... இரு இரு, கையை எடு... இன்னும் ஒரு நெல்லு." செத்த போன் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் சும்மா விட வேண்டும். எந்த இடத்தில் வைத்தாலும் சரி, ஒரே இடத்தில் விட வேண்டும். அவர் விடவில்லை. அது கண்ணைத் திறக்கப்போகிற சமயமாகப் பார்த்து நகர்த்தினார், கொஞ்சம் பொறுத்து மறுபடி நகர்த்தினார்.

"அதை விடேன்! தொடாம இரேன்!" என்று மெர்யா கத்தினாள். அழுகிற குரல்.

"கார்ல இருக்கற தட்டு இதைவிட வேகம். ஒரு நிமிஷம், வண்டியை வாசலுக்கே கொண்டுவந்துடறேன். நீ குளிர்ல நடக்க வேண்டாம். உள்ளயே இரு!"

பார்த்தீர்களா, குளிர்ல நடக்க வேண்டாம் என்கிறார். இப்படிப்பட்டவரை எப்படித் திட்டுவது? அவர் முன்வாசல் வழியாக ஓடினார். மெர்யா போனை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடிவந்து, கோட்டுகூடப் போடாமல், வெறும் கம்பளி சாக்ஸோடு பனியில் நின்று என் கதவைத் தட்டினாள்.

"ராய்மோ, உன்கிட்ட வயர் இருக்குல்ல?"

"எதுக்கு இருக்கேன் நான்? உள்ளே வா."

என் வயர் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொங்கும். கழுத்துப்பக்கம் பிய்ந்துபோய், நீல டேப் சுற்றியிருக்கும். பார்க்கச் சகிக்காது. செருகினாள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேரும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "கூப்பிட்டிருப்பாங்களோ? கூப்பிட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போயிருப்பாங்களோ?" என்று கேட்டாள். காபியை ஊற்றிக் கையில் கொடுத்தேன். அதுதான் நமக்குத் தெரிந்த ஆறுதல். திரையில் ஒரு வெளிச்சம் வந்தது. பிறகு கடிகாரம் வந்தது. அது முழுக்க விழிப்பதற்குள் மணி அடித்தது.

மெர்யா எடுத்தாள். பெயரைச் சொன்னாள். குரல் அப்படியே மாறிவிட்டது, அழுதவள் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு கையில் காபி, ஒரு காதில் போன், வயர் இழுக்கும்வரை நடந்து என் ஜன்னலோரம் வந்து நின்றாள். "ஆமாம்... இல்லை, ராத்திரி வேலை எனக்குப் பழக்கம்தான், ஆலையில மூணு ஷிப்ட் பாத்திருக்கேன்... ஆமாம்."

ஜன்னலுக்கு வெளியே இல்போவின் கார் தெரிந்தது. இல்போ ஓடிவந்து கதவைத் திறந்து உட்கார்ந்தார். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். வயர்காரன் ஒருவன் காரில் ஏறுமுன் என்ன செய்வான்? குனிவான், பிடுங்குவான், சுருட்டுவான், மூடியைச் சாத்துவான். நாள் முழுக்கப் பிடுங்கிப் பழகிய கை அவனுக்கு. இல்போவின் கைக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. கார் வயரைத் தினமும் யோசித்துத்தான் பிடுங்குவார், அன்று யோசிக்க நேரமில்லை. மற்றபடி அவர் எதையும் பிடுங்குவதில்லை. எடுக்கிறார், கிளம்புகிறார். அவ்வளவு அவசரத்திலும், பாவம், அவர் கொள்கை தவறவில்லை. கிளம்பிவிட்டார்.

கார் பின்னால் நகர்ந்தது. முரட்டு வயர் பனியிலிருந்து எழுந்து விறைத்தது. நான் ஜன்னலைத் தட்டக் கையை ஓங்கினேன். பக்கத்தில் மெர்யா போனில் பேசிக்கொண்டிருக்கிறாள், எப்படித் தட்டுவது? கையை இறக்கி வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அந்தப்பக்கத்தில் இருந்தவர் மெர்யாவிடம் ஏதோ கேட்டார். மெர்யா கேட்டுக்கொண்டே வெளியே பார்த்தாள். கம்பத்தின் மூடி பெயர்ந்து ஒற்றைக் கீலில் ஆடியது. வயர் காரோடு போனது. இல்போ அதை வால்போல இழுத்துக்கொண்டு முற்றத்தில் ஒரு வட்டம் அடித்து, தன் வீட்டு வாசலில் கம்பீரமாக நிறுத்தி, மெர்யாவுக்காக ஹாரன் அடித்தார்.

"கிளம்பறதுக்கு முன்னாடியா?" என்றாள் மெர்யா, போனில். கண் அந்த வாலின் மேலேயே இருந்தது. "முதல்ல இறங்கி வண்டியைச் சுத்தி ஒரு தடவை நடப்பேங்க. எது எதுல மாட்டியிருக்குன்னு பாப்பேன். அப்புறம்தான் ஏறுவேன். எவ்வளவு அவசரமா இருந்தாலும் சரி." காபிக் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "அவசரமா இருந்தா ரெண்டு தடவை நடப்பேன்."

அந்தப்பக்கம் சிரித்த சத்தம் எனக்கே கேட்டது. திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றார்கள்.

மெர்யா போனை வைத்துவிட்டு என் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. நான் இன்னும் காபி ஊற்றினேன். அப்போது இல்போ வந்தார். கையில் பிய்ந்த வயரின் முனை. மூக்கு நுனியில் பனி. மெர்யாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு, வேறெதைப் பார்ப்பார், என் சுவரைப் பார்த்தார்.

"இடம் கிடைச்சிடுச்சு இல்போ" என்றாள் மெர்யா.

அவர் முகம் மலர்ந்தது பாருங்கள், அதற்கு இணை கிடையாது. பிய்ந்த வயரோடு அவளைக் கட்டிக்கொண்டார். நிஜமான சந்தோஷம். அது தணிவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"நான்தான் சொன்னேனே, பதறாதேன்னு. கடைசியில எல்லாம் சரியாச்சா இல்லையா?" பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "ராய்மோ, கார் வயர் ஒண்ணு உபரியா வச்சிருக்கியா? சாயங்காலத்துக்கு வேணும். சீக்கிரமே ரோட்டுக்கடியிலயே தட்டு பதிச்சிடுவாங்க, காருக்கெல்லாம். அதுவரைக்கும்தான்."

"தரேன். அந்தச் சுற்றறிக்கையை நீயே ஒரு தடவை படி."

"அது வேற" என்றார் இல்போ.

"டிராமுக்கு மேலேயும் வயர்தான் ஓடுது" என்றாள் மெர்யா. "திங்கட்கிழமையிலேர்ந்து எனக்கு அதுலதான் சம்பளம். அது வேறயா, இதேவா?"

மேசைமேல் நீல டேப் வயரோடு இருந்த மெர்யாவின் போன் கொஞ்சம் கோணலாகக் கிடந்தது. அதை இல்போ பார்த்துக்கொண்டிருந்தார். விரல் தானாக நீண்டது. மெர்யா அந்த விரலைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

இப்போது நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரியுங்கள், ஆட்சேபம் இல்லை. நம்மிடம் தட்டும் கிடையாது, கொள்கையும் கிடையாது, இது யாரையோ பற்றிய கதை என்று நினைக்கிறீர்கள். ஆனால் துறந்தவன் எவனும் காட்டில் தனியாக வாழ்ந்துவிடுவதில்லை. பசித்தால் அவன் ஒரு வீட்டு வாசலுக்கு வரவேண்டியிருக்கிறது. அந்த வீட்டில் எதையும் துறக்காத ஒருவர் அடுப்பு மூட்டி வைத்திருந்தால்தான் அவன் துறவு நடக்கும். சிலர் காரைத் துறக்கிறார்கள், மழை பெய்தால் தம்பியைக் கூப்பிடுகிறார்கள். சிலர் கையில் காசு வைத்திருப்பதைத் துறக்கிறார்கள், சந்தையில் பக்கத்தில் நிற்பவரிடம் சில்லறை கேட்கிறார்கள். சிலர் கவலையையே துறந்துவிடுகிறார்கள், அந்த வீட்டில் இன்னொருவர் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கவலைப்படுகிறார். நீங்கள் எதையாவது விட்டுவிட்டுச் சுகமாக இருந்தால், அது இல்லாமல் இப்போது எவ்வளவு லேசாக இருக்கிறது என்று பிறருக்குச் சொல்லியும் வந்தால், ஒருமுறை உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைப் போய்ப் பாருங்கள். காபி போட்டுக்கொண்டு நிற்பார். உங்களுடைய வயர் அவர் சுவரில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.